பென்சில் பெருக்கல் குறி: ஒரு விடுதலைப் பத்திரத்தின் கதை

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் எனக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு பெஞ்சு. அப்பா பார்த்த தொழில். இருபத்தாறு வருடமாக நான் பார்க்கிறேன். லைசென்ஸில் ‘பத்திர எழுத்தர்’ என்றிருக்கும். ஊரில் எல்லாருக்கும் ‘ரைட்டர்’.

கிரயம் எழுத வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள். அடமானம் எழுத வருகிறவர்கள் அவசரமாக வருவார்கள். விடுதலைப் பத்திரம் எழுத வருகிற குடும்பம் மட்டும் இரண்டு பெஞ்சிலும் பிரிந்து உட்காரும். உட்காருகிற விதத்தைப் பார்த்தே என்ன பத்திரம் என்று சொல்லிவிடலாம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சொத்தில் பங்கு உள்ள ஒருவர் தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது விடுதலைப் பத்திரம். சட்டப்படி அண்ணன் தங்கைக்கும் எழுதலாம், தங்கை அண்ணனுக்கும் எழுதலாம். நடப்பில் எழுதிக் கொடுப்பது அக்கா தங்கைகள்தான். அண்ணன் தம்பிகள் எழுதிக் கொடுத்து நான் பார்த்தது ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

இங்கே எழுதப்போவது ஒரு குடும்பத்தின் கதை. யாரென்று தெரியாமலிருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன், பேச்சை மாற்றவில்லை. இதில் தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

குடும்பம்

கும்பகோணம் பக்கத்துக் கிராமம். பெரியவருக்கு நன்செய் 6 மா. எங்கள் பக்கம் 100 குழி ஒரு மா, மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதில் 4 மா பூர்வீகம், 1978-ல் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வந்தது. மீதி 2 மா 1994-ல் அவரே வாங்கியது. அந்தக் கிரயப் பத்திரத்தை எழுதியது என் அப்பா. இதைத் தவிர ஒரு ஓட்டு வீடு.

பிள்ளைகள் மூன்று பேர். பெரியக்காவுக்குக் கல்யாணம் 1987-ல், சின்னக்காவுக்கு 1996-ல். கடைசியாக மகன், ஊரிலேயே இருந்து வயலைப் பார்த்துக்கொண்டவர். பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடந்த பதினான்கு மாதமும் அவருக்கு எல்லாம் எடுத்துப் போட்டது மகனும் மருமகளும்தான். மகனைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறேன், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 மாசியில் பெரியவர் இறந்தார். உயில் இல்லை.

பதினாறாம் நாள்

கருமாதிக்கு நாலு நாள் இருக்கும்போது மகன் என் மேசைக்கு வந்தார்.

“ரைட்டர் அண்ணே, கருமாதிக்கு அக்காங்க ரெண்டு பேரும் இருப்பாங்க. அப்பவே கையெழுத்து வாங்கிடலாம்னு சித்தப்பா சொல்றாரு. பத்திரத்தை ரெடி பண்ணிடுங்க.”

“அக்காங்ககிட்ட சொல்லிட்டீங்களா தம்பி?”

“அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணே.”

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. கையெழுத்தான பத்திரத்தை நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவரலாம் என்பதால், வீட்டிலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு ஒரு நாள் எல்லாரையும் அலுவலகத்துக்கு அழைத்து வருவது வழக்கம்தான். நானும் கம்ப்யூட்டரில் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து பெயர், சர்வே எண், நான்கெல்லை ஆகியவற்றை மாற்றினேன். ஒரு வரியை மாற்றவில்லை: “மேற்படி எனது பாகத்திற்காக ரூபாய் ஐம்பதாயிரம் இதற்கு முன்பே ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு…” சும்மா விட்டுக்கொடுத்தாலும் ஏதாவது ஒரு தொகையைப் போட்டுவைப்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். நிலம் கைமாறும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வாங்காத பணத்தை வாங்கியதாக, அதுவும் ரொக்கமாக வாங்கியதாக எழுதுவது இரட்டை முட்டாள்தனம். ஆனாலும் எழுதிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. வயதானவர்கள் இடம் தெரியாமல் தடுமாறக் கூடாது என்று என் அப்பா ஆரம்பித்தது.

கருமாதி அன்று நான் அங்கே இல்லை. நடந்ததைப் பிறகு மூன்று பிள்ளைகளும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டேன். மூன்றும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

காரியம் முடிந்தது. தாய்மாமன் வீட்டுக்காரர்கள் அம்மாவுக்குக் கோடி போட்டார்கள். பந்தி முடிந்து, கூடத்தில் வெற்றிலைத் தட்டு வந்ததும் சித்தப்பா தொண்டையைச் செருமினார். “எல்லாரும் ஒண்ணாக் கூடியிருக்கோம். திரும்ப எப்பக் கூடுவோமோ. ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்கம்மா.” பத்திரம் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

சின்னக்கா பேனாவைக் கேட்டார். பெரியக்கா கண்ணாடியைக் கேட்டார்.

பெரியக்கா எட்டாவது வரை படித்தவர். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பத்திரத் தமிழை எழுத்துக்கூட்டி வரி வரியாகப் படித்தார். “இனிமேல் எனக்கும் மேற்படி சொத்துக்கும் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை” என்ற இடத்தில் நிறுத்தினார். “பின்தொடர்ச்சின்னா என்ன?” என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. விரலை மேலே கொண்டுபோய் ஐம்பதாயிரம் வரியில் வைத்தார்.

“தம்பி, இதை நான் எப்ப வாங்கினேன்?”

“அது சும்மா எழுதுறதுக்கா.”

“சும்மா எழுதுனதுல நான் நெசமாக் கையெழுத்துப் போடணுமா?”

அப்போதுகூடச் சமாளித்திருக்கலாம். சித்தப்பா குறுக்கே வந்தார். “சட்டப்படி பார்த்தா உனக்குப் பங்கே கெடையாதும்மா. எண்பத்தொன்பதுக்கு முன்னாடியே உன்னைக் கட்டிக் கொடுத்தாச்சு. சின்னவளுக்குத்தான் உண்டு. ஒரு மரியாதைக்குத்தான் உன்னையும் கேக்குறோம்.”

பெரியக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியிலிருந்த பென்சில் குறியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். “எடம்கூடப் பார்த்து வச்சிருக்கீங்க” என்றார். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

சித்தப்பா சொன்ன சட்டம்

டீக்கடைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதில் பாதி உண்மை இருக்கும், அதனால்தான் அது அவ்வளவு ஆபத்து. தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது, அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. இதுவரை சித்தப்பா சரி. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவர் காதுக்கு எட்டவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. எந்த வருடம் கல்யாணம் ஆகியிருந்தாலும் மகளும் மகனைப் போலவே பங்குதாரர். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பிரித்து முடித்த சொத்தை மட்டும் கிளற முடியாது.

இதெல்லாம் பூர்வீகத்துக்கு. அப்பா தானே வாங்கிய சொத்தில், உயில் இல்லாமல் அவர் போனால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கும் கல்யாணத் தேதிக்கும் சம்பந்தமே கிடையாது.

இந்தக் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும். பூர்வீகம் 400 குழியில் அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு 100. அப்பாவின் 100 மறுபடி நாலாகி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் 25, 25. சொந்தமாக வாங்கிய 200 குழியில் நாலு பேருக்கும் 50. ஆக, பிள்ளைகளுக்குத் தலைக்கு 175 குழி, அம்மாவுக்கு 75. 1987-ல் கட்டிக் கொடுத்த பெரியக்காவுக்கும் அதே 175.

இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கும் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது காகிதம்

அதற்குப் பிறகு பதினாலு மாதம் பேச்சே இல்லை. முதல் வருடம் துக்க வருடம் என்பதால் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, சீர் இல்லை. பேசாமலிருப்பதற்கு அதைவிட வசதியான சாக்கு கிடையாது. பார்க்கிறவர்களுக்குத் துக்கம் அனுசரிப்பது போலவே இருக்கும். உண்மையில் தை மாதம் பெரியவர் வருடாவருடம் பெரியக்கா வீட்டுக்குப் போட்டுவிடும் அரிசி மூட்டையும் போகவில்லை. அதற்கும் துக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நடுவில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. சென்னையில் இருக்கும் பெரியக்காவின் மகன் ஏற்பாடு. பெரியக்கா ஒப்புக்குத் தலையாட்டியிருக்கிறார். பாகப்பிரிவினை என்றால் பங்குள்ள எல்லாரையும் சேர்க்க வேண்டும், அதனால் தம்பிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து வாங்க வந்த தபால்காரரையே படிக்கச் சொல்லியிருக்கிறார். “எனது கட்சிக்காரரை ஏமாற்றும் கெட்ட எண்ணத்துடன் தாங்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்து” என்று தபால்காரர் படிக்க, அம்மா கேட்டாராம்: “எம் பொண்ணு எந்தக் கட்சில சேர்ந்தா?”

ஊரில் இதைச் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வக்கீல் யாரென்று தெரியாது, ஆனால் அவர் என்ன செய்திருப்பார் என்று தெரியும். என்னைப் போலவே பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றியிருப்பார். ‘கெட்ட எண்ணம்’ அவர் பாஷையில் சும்மா எழுதுவது. என் பாஷையில் ஐம்பதாயிரம் சும்மா எழுதியது.

இந்தக் குடும்பத்தில் நடந்ததை நான் புரிந்துகொண்டது இப்படித்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு தடவையும் மனிதருக்கு முன்னால் காகிதம் போய்விட்டது. வாயால் கேட்டிருந்தால் தம்பியின் வாயில் “அக்கா, வீட்டையும் வயலையும் எனக்கே விட்டுக் கொடுத்துடேன்” என்று வந்திருக்கும். காகிதத்தில் அது “யாதொரு பாத்தியமும் இல்லை” என்று வந்தது. வாயால் சொல்லியிருந்தால் அக்கா “எனக்கும் அதுல இருக்குடா” என்றிருப்பார். காகிதத்தில் அது “கெட்ட எண்ணம்” ஆகிவிட்டது.

கேட்கப் பயந்தவர்கள்தான் காகிதத்தை அனுப்புகிறார்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்பதும் அதே பயத்தால்தான். இருபது பேர் நடுவில் அக்கா மறுக்க மாட்டார் என்ற கணக்கு. அந்த இருபது பேர் முன்னால் பணிந்துபோனால் பிறந்த வீட்டில் தன் மதிப்பு என்ன என்ற கணக்கு அக்காவுக்கு. தாமதித்தால் செலவு ஏறிவிடும் என்று சித்தப்பா அவசரப்படுத்தியதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் ஏறியது அதன் உச்சவரம்பு, 25,000-லிருந்து 40,000 ஆக. ஒரு அக்காவின் பங்குக்கு வருகிற தீர்வை அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. அவசரத்துக்குக் காரணமே இல்லை.

“ஆனா”

2024 வைகாசியில் மகன் மறுபடி வந்தார். பட்டா இன்னும் அப்பா பெயரில். பயிர்க்கடனுக்குப் போனால் வாரிசுகள் எல்லாரும் வரட்டும் என்கிறார்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுத என்னிடம் யோசனை கேட்டார்.

“பதில் எழுதாதீங்க தம்பி. போய்ப் பாருங்க.”

“நான் போய் நிக்கணுமா? வக்கீல் விட்டது அவங்க.”

மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் இதே பேச்சு. கடைசியில், முதலில் நான் போகிறேன் என்றேன். அதுவரைக்கும் அது எனக்குத் தோன்றவே இல்லை என்பது வெட்கக்கேடு.

பெரியக்கா வீடு பாபநாசம் போகிற வழியில். கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை, கணக்கெழுதிய சீட்டைக்கூட. அந்த ஐம்பதாயிரம் வரியை எழுதியது நான், தம்பி சொல்லி எழுதவில்லை என்றேன். பென்சில் குறியும் என்னுடையது என்றேன். உங்களுக்குப் பங்கு உண்டு, 175 குழி என்றேன். அவர் கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் தலையாட்டினார். “அது எம் மவன் சொல்லிட்டான்” என்றார். டீ போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, “தம்பி மெலிஞ்சுட்டானாமே?” என்று கேட்டார். நான் அதை அப்படியே கொண்டுபோய்த் தம்பியிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் கிளம்பிவிட்டார்.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “அன்னைக்கு நடந்தது தப்புதான்க்கா, ஆனா சித்தப்பாதான்…” என்று ஆரம்பித்தாராம்.

தமிழில் மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்தைக் கெடுப்பதற்கென்றே இருக்கிற வார்த்தை அந்த ‘ஆனா’. அதற்கு முன்னால் சொன்னது எல்லாம் அடிபட்டுப் போகும். அக்கா கேட்டதும் அதற்குப் பின்னால் வந்ததை மட்டும்தான். “சித்தப்பாவக் கேட்டுட்டு வா, போ” என்று உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது தடவை போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன். ஒரு கேள்வி கேளுங்கள், அதற்கு வருகிற பதிலுக்குப் பதில் சொல்லாதீர்கள். “அன்னைக்கு உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா?” இவ்வளவுதான். பங்கு பற்றிய வார்த்தை போன வருடத்திலேயே அடங்கிப்போயிருந்தது என்று எனக்கு ஒரு யூகம். மூட்டையும் நோட்டீஸும் மேலே மேலே வந்து விழுந்ததால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று நினைத்தேன். யூகம் பாதிதான் சரியாக இருந்தது.

பெரியக்கா சொன்னது நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. 1994-ல் அந்த 2 மா வாங்கியபோது அப்பாவிடம் பணம் பத்தவில்லை. பெரியக்காவின் மூன்று பவுன் சங்கிலியை வாங்கி அடகு வைத்தார். திருப்பிக் கொடுத்தது மூன்று வருடம் கழித்து. அந்த மூன்று வருடமும் மாமியார் வீட்டில் வெறும் மஞ்சள் கயிற்றோடு நின்ற கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. “சொந்தமா வாங்குனதுன்னு எழுதியிருக்கே, அதுல எஞ் சங்கிலி இருக்குடா” என்றாராம்.

தம்பிக்கு இது தெரியாது. 94-ல் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அம்மாவுக்குத் தெரியும். அம்மா சொல்லவில்லை.

தம்பி வந்து என் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் ஒரு கணக்கு உண்டு. அப்பாவுக்குச் செய்த ஆஸ்பத்திரிச் செலவு, தஞ்சாவூருக்கும் வீட்டுக்கும் பிடித்த கார் வாடகை, பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத ராத்திரிகள். அதை அக்காக்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு நோட்டு வைத்திருக்கிறார்கள், அடுத்தவர் நோட்டை யாரும் புரட்டியதில்லை.

நாலு பேர்

ஆடி பிறக்கிறதற்கு முன்னால் ஒரு நாள், அம்மா வீட்டில், அம்மாவும் மூன்று பிள்ளைகளும் மட்டும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா இல்லை, மாப்பிள்ளைகள் இல்லை, நான் இல்லை. மருமகளும் இல்லை. கடைசியாகச் சொன்னது என் யோசனை, அதுவும் தப்பு. ‘ரத்த உறவு மட்டும்’ என்று நான் அளந்த அளவில், பதினான்கு மாதம் மாமனாருக்குப் படுக்கை மாற்றியவரை அடுப்படியில் உட்கார வைத்துவிட்டேன். அன்றைக்கு அவர் பாத்திரங்களைக் கழுவிய சத்தம் கூடம் வரை கேட்டதாம்.

முதலில் கணக்குகள் வந்தன. சங்கிலி விஷயத்தை அம்மா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட விதம் அழுகைதான், ஆனால் மறுக்கவில்லை. தம்பி தன் நோட்டைச் சொன்னார். சின்னக்கா அப்பப்போ “சரி விடுங்க, சரி விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு பெரியக்கா கேட்டார். “எனக்கு ஒரு மா வேணும். எம் பேர்ல. நீயே உழுதுக்க. மீதிய நான் கேக்கல.”

“நானே உழணும்னா எதுக்குக்கா உம் பேர்ல?”

“எம் பேரு போட்ட காயிதம்னு எங்கிட்ட இருக்கிறது ரேஷன் கார்டும் ஆதாரும்தான். பட்டான்னு ஒண்ணு இருக்கட்டுமே.”

இந்தப் பேச்சை நான் மற்றவர்களிடம் சொல்லும்போது, “பாருங்க, சொத்து பெருசில்ல, பாசம்தான் பெருசு” என்று யாராவது முடித்து வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரியக்கா நிலத்தைத்தான் கேட்டார். எங்கே, எத்தனை குழி, யார் பெயரில் என்று தெளிவாகக் கேட்டார். நிலம் கேட்கிற பெண்ணுக்குப் பாசம் குறைவு என்று நினைக்கிறவர்கள்தான், அவர் கேட்டதும் அது நிலமே இல்லை என்று சொல்ல அவசரப்படுகிறார்கள்.

தம்பி அன்றைக்குச் சரி என்று சொல்லவில்லை. பத்து நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பத்து நாளில் அக்கா இரண்டு தடவை போன் செய்தார், இரண்டு தடவையும் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி மட்டும் பேசினார். பத்தாவது நாள் தம்பி என்னிடம் வந்து, வாய்க்கால் ஓரத்து மா எது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னார். தண்ணீர் முதலில் பாய்கிற மா அதுதான். அதையே கொடுத்தார்.

அம்மாவின் 75 குழி

அம்மாவோ தன் பங்கை அப்படியே மகனுக்கு எழுதிவிட வேண்டும் என்று நின்றார். வேண்டாம் என்றேன். அப்படியே எழுதுவதென்றால், மகன் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடலாம் என்றேன். நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, 2007-ஆம் வருடப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் ரொம்பச் சிரமம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “எம் புள்ள எனக்குச் சோறு போட மாட்டான்னு காயிதத்துல எழுதச் சொல்றியா?”

சட்டம் பேசிய நான் அதோடு வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரம் மருமகள் உள்ளேயிருந்து வந்தார். “அத்தை, அது உங்க பேர்லயே இருக்கட்டும். நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு உங்க புள்ளயச் சொல்லாது, என்னைத்தான் சொல்லும்.” அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அப்புறம், “சரி, இருந்துட்டுப் போகுது” என்றார். 75 குழி அவர் பெயரிலேயே இருக்கிறது. வீட்டில் அவருக்கு ஆயுட்கால பாத்தியம் என்றும் எழுதினோம்.

பதிவு நாள்

2024 ஆவணியில் இரண்டு பத்திரங்கள் பதிவாயின. சின்னக்கா தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்த விடுதலைப் பத்திரம் ஒன்று, மற்ற மூன்று பேருக்கும் இடையே பாகப்பிரிவினை ஒன்று. பெரியக்காவுக்கு 100 குழி, அம்மாவுக்கு 75, தம்பிக்கு 425. தொகை எழுதிய இடத்தில் இந்தத் தடவை செக் நம்பர் இருந்தது. பென்சில் குறி போடவில்லை. பாகப்பிரிவினையின் ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாகப் படித்து, புரியாத வார்த்தைக்குப் பொருள் சொன்னேன். பெரியக்காவின் கட்டைவிரல் ரேகை மிஷினில் பதிய நாலு தடவை ஆயிற்று. அறுபதை நெருங்குகிற, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்களுக்கு இது எப்போதும் நடப்பது. தம்பி தோளில் கிடந்த துண்டால் விரலைத் துடைத்துவிட்டு, “அழுத்தி வைக்கா” என்றார்.

வெளியே வந்து எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நோட்டீஸ் அதோடு போயிற்று.

இந்தக் கதையை நான் இங்கேயே முடித்து, பல பேரிடம் நல்ல உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி முடிக்க முடியாமல் செய்தவர் சின்னக்கா.

அவர் முதல் நாளிலிருந்தே எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். “எனக்கென்ன, நீங்க பார்த்துச் செய்ங்க” என்பார். ஊரில் அப்போது மா நாலு லட்சத்துக்குப் போனது. அவருடைய 175 குழிக்கு ஏழு லட்சம் வரும். தம்பி நகைக்கடன் வைத்து இரண்டு செக்காக நாலு லட்சம் கொடுத்தார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். யாரும் பேசி முடிவு செய்யவில்லை, தம்பியால் புரட்ட முடிந்தது அவ்வளவு. பெரியக்காவிடம் எது கஷ்டமாக இருந்தது என்று கேட்கச் சொல்லி ஆள் அனுப்பிய நான், சின்னக்காவிடம் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சண்டை போடாதவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். பதிவன்றைக்கு அவருடைய பத்திரத்தைப் படிக்க ஆரம்பித்தபோது, “வேண்டாண்ணே, நேரமாச்சு, போட்டுடறேன்” என்றார். நானும் இரண்டாவது பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

போன தை மாதம், பொங்கல் கழிந்த மறு வாரம், தனியாக வந்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாது என்றார். மூலப் பத்திரம் தம்பியிடம் இருக்கிறது, தனக்கு ஒரு நகல் வேண்டும் என்றார்.

“எதுக்கும்மா, ஏதாவது பிரச்சினையா?”

“பிரச்சினை ஒண்ணும் இல்லண்ணே. என்ன எழுதிக் கொடுத்திருக்கேன்னு ஒரு தடவை படிக்கணும்.”

என்னிடம் இருந்த பிரதியை ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தேன். பெஞ்சிலேயே உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். எதிரே அலுவலகத்தில் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பின்தொடர்ச்சின்னா என்னண்ணே?”

சொன்னேன். கேட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.